எடிட் செய்த படத்துக்குக் கருத்துச் சொல்வது: கேள்வி பதில்

பொழுதுபோக்காகப் படம் எடுத்து, எடிட் செய்து, ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறவர்களிடம் ஒரு விஷயம் கேட்டிருந்தேன். அடுத்தவர் படத்தைப் பற்றிப் பேசும்போது எங்கே சிக்கல் வருகிறது? வந்த கேள்விகளில் சில இங்கே.

அக்கா, எந்தப் படம் போட்டாலும் 'செம', 'வேற லெவல்'தான் வருது. நிஜமா என்ன நினைக்கிறாங்கன்னே தெரியல.

'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'செம' என்றுதான் வரும். எடிட் செய்யாத மூலப் படத்தையும் கூடவே போடுங்கள். என்ன செய்யப் பார்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். 'மழைக்கு முந்தின இருட்டு வரணும்னு ஷேடோவை இறக்கினேன். ஓரத்துல உட்கார்ந்திருக்கிற பூக்காரம்மா முகம் தெரியுதா, காணாமப் போச்சா?' இப்படிக் கேட்டால் அதற்கு யாரும் 'வேற லெவல்' என்று எழுத முடியாது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் படத்துல ஒரு தம்பி வானத்தை மாத்தியிருக்கார். கோயிலுக்குப் பின்னாடி கடல் மேல சூரியன். ஏதோ இடிக்குது, என்னன்னு சொல்லத் தெரியல. 'ஃபேக்கா இருக்கு'ன்னு எழுதினேன், கோபப்பட்டுட்டார்.

கோபம் நியாயம்தான். வானத்தை மாற்றினவருக்கு அது ஒரிஜினல் இல்லை என்று தெரியாதா? எங்கே இடிக்கிறது என்று சொன்னால்தான் அவருக்குப் பயன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் முதலில் நிழலைப் பாருங்கள். நம் பக்கம் பார்த்த சுவர் தகதகவென்று இருக்கிறது. கோயிலின் நிழல் கடல் பக்கமாக விழுகிறது. அப்படியானால் படம் எடுத்தபோது சூரியன் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால், அதாவது மேற்கே இருந்திருக்கிறது. புது வானத்திலோ சூரியன் கிழக்கே, எதிரில் இருக்கிறது. எதிரில் சூரியன் இருந்தால் சுவர் இருண்டு, நிழல் நம்மை நோக்கி வர வேண்டும். இடிப்பது இதுதான். அடுத்தது கடல். வானம் ஆரஞ்சாக இருக்க, தண்ணீர் மட்டும் பழைய சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. மூன்றாவது, கோயில் விமானத்தின் (கருவறை மேல் எழும் கோபுரத்தின்) விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறது. மாஸ்க், அதாவது வானத்தைக் கோயிலிலிருந்து பிரிக்கும் வெட்டு, சரியாக உட்காராமல் பழைய வானம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்குத் தலைப்பு 'மாமல்லையில் ஒரு மாலை'. அங்கே கடலில் சூரியனைப் பார்க்கக் காலையில்தான் போக வேண்டும்!

இத்தனையையும் கொட்டாதீர்கள். நிழலை மட்டும் சொல்லுங்கள். 'தம்பி, சுவர் மேல விழற வெளிச்சம் அருமை. ஆனா அது மேற்கேயிருந்து வருது, வானத்துல சூரியன் கிழக்க இருக்கு. சூரியனே தெரியாத, மேகம் மட்டும் லேசா சிவந்த வானமா வெச்சுப் பாருங்களேன்.' அவர் வானத்தை மாற்றினால் தண்ணீர்ப் பிரச்சினையும் பாதி தீரும். தலைப்பும் தப்பிக்கும்.

வானத்தை மாற்றுவதே தப்பு என்று சிலர் வருவார்கள். 1850-களிலேயே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று வைத்து ஒரே பிரிண்ட் போட்டவர். அன்றைய பிளேட்டில் இரண்டும் ஒரே எக்ஸ்போஷரில் சரியாகப் பதியாது. ஆக, இந்த வேலைக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

அஸ்தமன சூரியனுக்குப் பக்கத்திலேயே முழு நிலா வெச்சிருக்காங்க. சொன்னா 'இது கிரியேட்டிவ்'னு வாயை அடைக்கிறாங்க.

படம் தன்னை என்னவாகக் காட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். கோபுரத்தின் மேல் திமிங்கிலம் பறக்கிற படத்தில் நிலா எங்கே இருந்தால் என்ன? இருட்டறையில் பல என்லார்ஜர்களை (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவிகளை) வைத்து மிதக்கும் மரங்களைப் படமாகச் செய்தவர் ஜெர்ரி யூல்ஸ்மன். அவரிடம் போய் மரம் மிதக்காது என்று யாராவது சொல்வார்களா? ஆனால் சாதாரண இயற்கைக் காட்சி மாதிரி வந்தால் சொல்லலாம். பௌர்ணமி நிலா, சூரியன் மேற்கே மறையும் நேரத்தில் கிழக்கே எழும். பிறை நிலாவின் இரண்டு முனைகளுக்கு நடுவே நட்சத்திரம் ஒட்டுவதும் இதே ரகம். அங்கே இருப்பது நிலாவின் இருண்ட பாகம், அதைத் தாண்டி நட்சத்திரம் தெரியாது.

கல்யாண ஆல்பம் எடிட் பண்ற நண்பர் மணப்பெண்ணை ரெண்டு ஷேடு வெள்ளையாக்கிடறார். நிறத்தைப் பத்திப் பேசினா சண்டைதான் வருது.

பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் 'கஸ்டமர் கேக்கறாங்க' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நான் நகையிலிருந்து ஆரம்பிப்பேன்.

நம் தோலின் நிறம் பெரும்பாலும் எடிட்டிங் ஆப்பின் ஆரஞ்சு ஸ்லைடரில்தான் மாட்டும். அதன் லூமினன்ஸை, அதாவது அந்த நிறத்தின் வெளிச்சத்தை, ஏற்றினால் முகத்தோடு சேர்ந்து தங்கமும் வெளுக்கும். மாஸ்க் போட்டு முகத்தை மட்டும் ஏற்றியிருந்தால் காதுமடலும் கழுத்தும் மருதாணிக் கையும் காட்டிக்கொடுத்துவிடும். 'ஆரம் கவரிங் மாதிரி தெரியுதே, பொண்ணு வீட்டுல கேட்டா என்ன சொல்வீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். ஸ்லைடர் தானாக இறங்கும்.

மாற்று வழியையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். நெற்றி, கன்ன மேடு, மூக்குத் தண்டு, இந்த இடங்களில் ஏற்கெனவே விழுந்திருக்கிற வெளிச்சத்தை டாட்ஜ் செய்து (அந்த இடத்தை மட்டும் பிரகாசமாக்கி) கொஞ்சம் தூக்கினால் முகம் எடுப்பாகும். கருப்பான தோலில் அந்தப் பளபளப்பு இன்னும் அழகாக எடுபடும். நிறத்தைத் தொடவே வேண்டாம்.

எங்க குழுவுல மூத்தவர் ஒரு சார் இருக்கார். எல்லாப் படத்திலயும் சாச்சுரேஷன் (நிற அடர்த்தி), கிளாரிட்டி (விளிம்புத் தெளிவு) முழுசா ஏத்திடுவார். எப்படிச் சொல்ல?

நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். 'ஓவர்' என்ற சொல்லை எடுக்காதீர்கள். 'சார், வயல் பச்சையை மட்டும் கொஞ்சம் இறக்கினா கோபுரம் முன்னாடி வரும்னு தோணுது, ஒரு தடவை பார்க்கறீங்களா?' கோபுர விளிம்பைச் சுற்றி வருகிற வெளிச்ச வளையத்தை, அந்த ஹேலோவை, பெரிதாக்கிக் காட்டினால் அவரே கிளாரிட்டியைக் குறைப்பார். குறைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அடர்ந்த நிறம் அவருக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நானே அடுத்தவங்க படத்தைத் திருத்திக் காட்டலாமா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் செய்தால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிச்சல்தான் மிஞ்சும்.

ஏஐயில பண்ணிட்டு 'எடிட்'னு போடறாங்க. மூஞ்சிக்கு நேரா கேட்டுடலாமா?

குற்றம் சாட்டாமல் கேளுங்கள்: 'இதுல எது கேமராவுல வந்தது, எது நீங்க சேர்த்தது?' 2023-இல் சோனி உலகப் புகைப்படப் போட்டியில் தன் படத்துக்குக் கிடைத்த பரிசை, அது ஏஐ படம் என்று தானே சொல்லி மறுத்தார் ஜெர்மன் புகைப்படக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன். மறைப்பதுதான் தொந்தரவு. வெளிப்படையாகச் சொன்னவரின் படத்தை மற்றப் படங்களைப் போலவே பாருங்கள். வெளிச்சமும் நிழலும் அங்கேயும் ஒத்துப்போக வேண்டும்.

வாட்ஸ்அப்ல வந்த படத்துல வானம் பட்டை பட்டையா இருந்தது. 'எடிட் சரியில்லை'ன்னு சொன்னேன். அவர் கணினியில நல்லா இருக்குன்னு சாதிக்கிறார்.

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும். நீல வானத்தில் நிறம் மெதுவாக மாறும் இடங்களில்தான் அது முதலில் தெரியும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிப் பாருங்கள். உங்கள் போனில் இரவு நேர மஞ்சள் திரை ஓடினால் அதையும் அணைத்துவிட்டுப் பாருங்கள், நிறம் பற்றிய பாதிப் புகார் அங்கேயே போய்விடும். அதற்கப்புறமும் பட்டை தெரிந்தால் சுருக்கிச் சேமித்த ஜேபெக் படத்தில் ஸ்லைடர்களை ரொம்ப இழுத்திருக்கிறார் என்று அர்த்தம், கேமரா பதிந்தபடியே வைத்திருக்கும் ரா ஃபைல் இருக்கிறதா என்று கேளுங்கள்.