நன்கொடை தருவது யார்? வருமானத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

நாகர்கோவில் பக்கம் படிப்புதவிக்கு நிதி திரட்டுகிறோம், வசதியானவர்களை மட்டும் அணுகினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. வருமானம் கூடினால் கொடுக்கும் தொகை கூடும். வருமானத்தில் அதன் பங்கும் கூடும் என்று சொல்ல முடியாது. வயது, படிப்பு, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ தவறாமல் போகும் பழக்கம் ஆகியவையும் கொடையோடு சேர்ந்தே காணப்படுகின்றன. இதில் வழிபாட்டுப் பழக்கம்தான் முக்கியம் என்பேன்: அங்கே நேரில் கேட்க ஆள் இருக்கிறது. யாரும் கேட்காததாலேயே கொடுக்காதவர்கள் ஏராளம்.

வருமானம் வரும் விதத்தையும் பாருங்கள். சம்பளக்காரரிடம் மாதம் 200 ரூபாய் கேட்கலாம். கடலோரத்தில் அது சரிவராது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அந்த மாதங்களின் மழையில் ரப்பர் பால்வெட்டும் தடைபடும். அப்போது தவணை நின்றால் மனமில்லை என்று பெயரை அடித்துவிடாதீர்கள். ஆகஸ்டில் மீன்பாடு வந்தபின் கேளுங்கள்.

வரிச்சலுகை வரி கட்டுபவரை மட்டுமே தூண்டும். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி எனப்படுவது) பழைய வரிமுறையில்தான் உண்டு. உங்கள் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவும் வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கழிவு கிடைக்காது, அரிசி, துணிக்கும் கிடையாது. வங்கி வழியே வாங்கி, வரிக் கழிவுக்கான நன்கொடைச் சான்றிதழ் கொடுங்கள்.