செமஸ்டருக்குப் பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (செயல்பாட்டு ஆய்வு – வேலைகளைச் சிறப்பாகத் திட்டமிடக் கணிதத்தைப் பயன்படுத்தும் துறை) கற்பிக்கிறேன். இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட்டைத் தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாகச் செய்து கொடுக்கலாம் என்பது என் யோசனை. துறைக்குள் எதிர்ப்பு இருக்கிறது. “சின்னக் கணக்குகள்தான் வரும், பையன்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்?” என்கிறார் ஒருவர். “அரைகுறை வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு வருவோம்” என்கிறார் இன்னொருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இரண்டாமவர் சொல்வதை நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

முதலாமவருக்கு அட்லாண்டாவில் நடந்ததைச் சொல்லுங்கள். அங்கே வெளியே நடமாட முடியாத முதியவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் சாப்பாடு கொடுக்கும் சேவை ஒன்று இருந்தது. கணினி கிடையாது, வாங்கப் பணமும் கிடையாது. பட்டியலோ ஓயாமல் மாறும். ஒருவர் குணமாகி விலகுவார், இன்னொருவர் மருத்துவமனைக்குப் போவார், புதிதாக ஒருவர் சேர்வார். இன்றைக்கு மிகக் குறுகிய பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்தால் கொஞ்ச நாளில் அது எதற்கும் உதவாது. அங்குள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஜான் பார்த்தோல்டியும் சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1983இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு பரப்பு முழுவதையும் நிரப்பியபடி வளைந்து வளைந்து செல்லும் கோடு என்பது கணிதத்தில் பழைய கருத்து. நகர வரைபடத்தின் மேல் அப்படி ஒரு கோட்டைப் போட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கோட்டில் ஓர் எண் கிடைக்கும். எண் வரிசையில் போனால் அதுவே பாதை. புதியவர் சேர்ந்தால் அவர் பெயரை ஓர் அட்டையில் எழுதி, உரிய எண்ணில் செருகிவிட வேண்டும். விலகினால் அட்டையை உருவிவிடலாம். பெயரைத் தேடுவதற்கு அகர வரிசையில் இன்னொரு கட்டு. ஓட்டுநர்களுக்கு வேலையைப் பிரிக்க வேண்டுமா? அட்டைகளைச் சமமாகப் பங்கு போட்டால் போதும்.

தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் இடங்களுக்கு, இந்த முறை தரும் பாதை மிகக் குறுகிய பாதையைவிடச் சராசரியாக 25 சதவீதம் நீளமாக இருக்கும். பரீட்சையில் மதிப்பெண் போகலாம். எனக்கோ இந்தத் துறையில் நடந்த மிக அழகான வேலைகளில் இதுவும் ஒன்று. எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று தீர்மானிக்க அந்தச் சேவையை உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதை எந்தப் பாடப்புத்தகப் பயிற்சியும் கற்றுத்தராது.

இப்போது இரண்டாமவர். அவருடைய பயம் நியாயமானது. மாணவருக்குச் செமஸ்டர் முடிந்தால் வேலை முடிந்தது. நிறுவனத்துக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. மென்பொருளின் உரிமம் காலாவதியாகும், எழுதியவர் வேலை கிடைத்துப் போய்விடுவார், ஒரு தரவு மாறினாலும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், இலவசம் என்று நாம் சொல்கிறோமே தவிர, அவர்களுக்கு அது இலவசம் இல்லை. பத்து வேலையை ஒற்றை ஆளாகப் பார்க்கும் பொறுப்பாளர்தான் நம் மாணவருக்கு உட்கார்ந்து விளக்க வேண்டும், பழைய பதிவேடுகளைத் தோண்டிக் கொடுக்க வேண்டும்.

யாருடைய கணக்கு என்பதும் முக்கியம். பாஸ்டன் பள்ளிகளுக்காக 2017இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பேருந்துத் தடங்களைத் திருத்தினார்கள். சுமார் 50 பேருந்துகள் மிச்சமாயின. அதே குழுவின் கணக்கீட்டைக் கொண்டு பள்ளி தொடங்கும் நேரங்களையும் மாற்ற நிர்வாகம் முடிவெடுத்தது. பதின்வயதுப் பிள்ளைகள் காலையில் கூடுதலாகத் தூங்கட்டும் என்ற நல்ல நோக்கம்தான். பல சிறு பிள்ளைகளின் பள்ளி மிகவும் சீக்கிரம் முடியும் என்றானதும் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். திட்டம் அந்த டிசம்பரிலேயே கைவிடப்பட்டது. கணக்கில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. வேலைக்குப் போகும் ஒரு தாயின் மதிய நேரத்துக்கு என்ன மதிப்பு என்பதை அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வழியை, இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ரஸ்ஸல் ஏகாஃப் 1970இல் எழுதியிருக்கிறார். பிலடெல்பியாவின் மாண்டுவா பகுதியில் கறுப்பின மக்களோடு அவருடைய பல்கலைக்கழகக் குழு வேலை செய்தது. எதைச் செய்வது என்று அந்தப் பகுதி மக்களே தீர்மானித்தார்கள். பல்கலைக்கழகம் கூப்பிட்டபோது போய் உதவியது. 1988இல் பிரிட்டனின் பார்ன்ஸ்லியில், நார்தர்ன் கல்லூரியில் சமூகக் குழுக்களுக்கென்றே ஒரு செயல்பாட்டு ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டதும் இதே எண்ணப்போக்கில்தான்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஐந்து புது நிறுவனங்களைத் தேடாதீர்கள். ஒன்றோ இரண்டோ போதும், அவற்றோடு பல ஆண்டுகள் இருங்கள். முதல் சில வாரங்கள் மாணவர்கள் கணித மாதிரி (மாடல்) எதையும் எழுத வேண்டாம், வண்டியில் கூடப் போகட்டும், கிடங்கில் நிற்கட்டும். கடைசி மாதம் முழுவதையும் ஒப்படைப்புக்கு ஒதுக்குங்கள். அங்கே வேலை செய்பவர் மாணவர் பக்கத்தில் இல்லாமல் தானே இயக்கிக் காட்டினால்தான் மதிப்பெண் என்று விதி வையுங்கள். செமஸ்டருக்குள் அடங்காத வேலை என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இந்தத் துறையினரின் சங்கங்களான அமெரிக்காவின் இன்ஃபார்ம்ஸ் அமைப்பும் பிரிட்டனின் ஓ.ஆர். (ஆபரேஷனல் ரிசர்ச்) சொசைட்டியும் அனுபவமுள்ளவர்களைத் தன்னார்வலர்களாக இலவசமாக அனுப்பும் திட்டங்களை நடத்துகின்றன. அதுபோன்ற அனுபவசாலிகள் யாரிடமாவது அந்த வேலையைச் சேர்த்துவிடலாம்.