பாட்டி வேடமும் பழுப்பு வேட்டியும்

கேள்வி: கல்லூரி விழாவுக்கு, 1944-ல் ஒரு நெசவாளர் தெருவில் நடக்கும் கதையை நாடகமாகப் போடுகிறோம். பதினோரு பேர் நடிக்கிறோம். உடை, ஒப்பனை இரண்டுக்கும் சேர்த்து 6,000 ரூபாய்தான். வாடகைக் கடையில் கேட்டால் உடைக்கே அது போதாதாம். 19 வயதுத் தோழி 70 வயதுப் பாட்டியாக வருகிறாள். எங்கே தொடங்குவது?
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

பதில்: கையில் காசு குறைவு என்பது உங்கள் கதைக்கு நல்லதுதான். அது போர்க்காலம். நூலுக்கும் துணிக்கும் தட்டுப்பாடு. 1943-ல் அரசு துணிக் கட்டுப்பாட்டு உத்தரவே போட்டது. நெய்கிறவர் வீட்டிலேயே கிழிசல் என்பதைப் பார்வையாளர் கண்ணால் பார்க்கட்டும். வீடுகளில் பழைய பருத்திச் சேலை, வேட்டி கேட்டு வாங்குங்கள். பாலியெஸ்டர் வேண்டாம். அது அன்று இங்கே கிடையாது, விளக்கொளியில் மினுங்கவும் செய்யும்.

வெள்ளை வேட்டி மேடையில் கண்ணைக் கூசும். டீத்தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பாலியெஸ்டர் கலப்பு என்றால் சாயம் சரியாக ஏறாது. அப்போதே குட்டு வெளிப்பட்டுவிடும். சட்டைக் காலரை உப்புத்தாளால் தேயுங்கள். ஒட்டுப்போடும் துணி வேறு நிறத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கடைசி வரிசைக்குத் தெரியாது.

வாடகைக் கடைக்குப் போவதென்றால் போலீஸ் உடைக்கு மட்டும் போங்கள். அந்தக் காலத்துக் கான்ஸ்டபிளுக்கு அரைக்கால் டிரவுசர். கடைக்காரர் முழு பேன்ட்டை நீட்டுவார், ஏமாந்துவிடாதீர்கள்.

சரி, பாட்டிக்கு வருவோம். கறுப்புப் பென்சிலால் கோடு போட்டால் பூனை மீசைதான் வரும். தோழியை முகம் சுளிக்கச் சொல்லுங்கள். எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கே பழுப்புக் கோடு, அதை ஒட்டி அவள் நிறத்தைவிட வெளிறிய ஒரு கோடு. இரண்டையும் விரலால் மெல்லக் கலைத்துவிடுங்கள். கழுத்துக்கும் புறங்கைக்கும் இதே வேலை உண்டு. முகத்தில் எழுபது, கையில் பத்தொன்பது என்று நான் பார்த்த பாட்டிகள் ஏராளம்! தலையில் முகப்பவுடர் கொட்டாதீர்கள், திரும்பினால் புகை பறக்கும். வெள்ளை பான்கேக்கை (ஈரம் தொட்டுப் பூசும் ஒப்பனைக் கட்டி) பழைய டூத்பிரஷில் தொட்டு, காதோரமும் வகிட்டிலும் இழுத்தால் போதும். அன்று ரவிக்கை போடாத பாட்டிகள் நிறைய. தோல் நிறத்தில் கையில்லாத ரவிக்கை கொடுத்து, முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திவிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒப்பனை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒட்டுமீசை இருந்தால் அதை முதலில் ஒட்டுங்கள், பவுடர் அப்புறம். என் மாணவப் பருவத்தில் நான் மாற்றிச் செய்தேன். மகனைப் பறிகொடுத்த அப்பா வசனம் பேசும்போது பாதி மீசை தொங்கியது, அரங்கமே சிரித்தது. ஒட்டும் பசையையும் வண்ணத்தையும் முதல் நாளே முன்கையில் தடவிப் பாருங்கள். அரித்தால் அதை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

விளக்குப் போடுபவரோடும் பேசிவிடுங்கள். சிவப்பு விளக்கில் குங்குமம் மறையும், பச்சையில் கறுக்கும். முழு உடையில், முழு விளக்கில் ஒரு ஒத்திகை வைத்து, நீங்கள் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். பாட்டியின் கை தெரிகிறதா என்று அங்கிருந்து பாருங்கள்.

நாடகம் முடிந்து ஒப்பனையைக் கலைப்பதற்குத் தேங்காய் எண்ணெயும் பழைய பனியன் துணியும் வாங்க 200 ரூபாய் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.