தனியாளாக வெளிநாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்க எப்படித் தயாராவது?

கேள்வி: திருமணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

நானும் தனியாளாகத்தான் என் மகளைத் தத்தெடுத்தேன். வேறொரு நாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். என்னிடம் வரும்போது மூன்று வயதைத் தாண்டியிருந்தாள். என்னைக் கேட்டால், காகித வேலை அலைக்கழித்தாலும் ஒருநாள் முடிந்துவிடும். கூட நிற்க ஆட்களைச் சேர்ப்பதுதான் தனியாளுக்குப் பெரிய வேலை. சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

எந்த நாடு உங்களுக்குப் பிடிக்கும் என்பது இருக்கட்டும், எந்த நாடு உங்களை ஏற்கும் என்று பாருங்கள். சில நாடுகள் தம்பதிகளுக்கு மட்டுமே தருகின்றன. இந்தியா தனியாளையும் ஏற்கிறது. ஆனால் 2022 விதிமுறைகளின்படி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் உங்கள் வயது 40-ஐத் தாண்டக் கூடாது; எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் 55 வரை போகலாம். தனியாக இருக்கும் ஆணுக்குப் பெண் குழந்தையைத் தருவதில்லை. விதிகள் பாதி வழியில் மாறவும் செய்யும். எத்தியோப்பியா 2018-இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தடைசெய்தது. சீனா 2024-இல் உறவினர்கள் தத்தெடுப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர மற்றதை நிறுத்தியபோது, குழந்தையின் புகைப்படம் வரை கைக்கு வந்திருந்த குடும்பங்களும் அப்படியே நின்றுபோயின. அதனால் ஒரே நாட்டின்மேல் மொத்த நம்பிக்கையையும் வைக்காதீர்கள்.

நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை முறைப்படுத்தும் 1993 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் ஓரளவு நிம்மதி. சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று பார்த்த பிறகே குழந்தையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. பெற்ற தாயின் சம்மதத்தைப் பணம் கொடுத்து வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. "குழந்தை தயாராக இருக்கிறது, முன்பணம் அனுப்புங்கள்" என்று யாராவது நேரடியாகப் பேசினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குழந்தைக்கு உங்கள் நாட்டுக் குடியுரிமை தானாக வருமா, தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். அமெரிக்காவில் பெற்றோர் அதைச் செய்யாமல் விட்டதால், வளர்ந்து பெரியவர்களான பிறகு நாடுகடத்தப்பட்டவர்கள் உண்டு.

சரி, ஆட்கள். நீங்கள் பிள்ளை வளர்க்கத் தகுந்தவரா என்று பார்க்கும் வீட்டு ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் தனியாளிடம் சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்பார்: நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் குழந்தையை யார் பார்ப்பது? "அம்மா இருக்கிறார்" என்பது பதிலாகாது. அம்மாவுக்கு என்ன வயது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட முடியுமா? ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வரக்கூடியவர் ஒருவர், சில நாட்கள் வீட்டோடு வந்து தங்கக்கூடியவர் ஒருவர், நீங்களே இல்லாமல் போனால் பாதுகாவலராக இருக்கச் சம்மதித்தவர் ஒருவர். மூவரிடமும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மூன்றாமவர் பெயர் உயிலில் இருக்கட்டும். கேட்கும்போது சிலர் நழுவுவார்கள். அது இப்போதே தெரிவது நல்லதுதான்.

இதில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. இல்லத்தில் ஆட்கள் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட பிள்ளை, வருகிற எல்லோர் மடியிலும் ஏறும். "பார், எவ்வளவு சுலபமாகப் பழகுகிறாள்" என்று உறவினர்கள் பூரிப்பார்கள். தனக்கென்று ஓர் ஆள் இன்னும் அமையவில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். அதனால் முதல் சில மாதங்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, அழுதால் தூக்குவது எல்லாம் நீங்களாகவே இருப்பது நல்லது. தம்பதி என்றால் இதை இருவர் பங்கிட்டுக்கொள்வார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே உதவிக்கு வருபவர்களிடம் சமையல், துணி, கடை, பில் கட்டுவது போன்றவற்றைக் கொடுத்துவிட்டு, பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதை விமான நிலையத்தில் வைத்து விளக்க முடியாது. பிள்ளை வருவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுங்கள். என் சித்தி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் அவரே மற்றவர்களை அதட்ட ஆரம்பித்துவிட்டார்.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: கட்டணத்துக்குக் கையிருப்பு முழுவதையும் கரைக்காதீர்கள். சம்பளம் இல்லாத விடுப்பு, பேச்சுப் பயிற்சி, பல் சிகிச்சை என்று பெரிய செலவுகள் பிள்ளை வந்த பிறகுதான் தொடங்கும்.

குழந்தையின் மருத்துவக் கோப்பு வந்ததும், தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தக் குறையை உங்களால் தனியாகச் சமாளிக்க முடியும் என்பதை, முகத்தைப் பார்த்து மனம் இளகுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது உதவும். முடியாது என்று சொல்வதில் குற்றமில்லை.

அழைத்துவரப் போகும்போது, இல்லத்தில் அவளைப் பார்த்துக்கொண்டவர்களிடம் பேச நேரம் கேட்டு வாங்குங்கள். என்ன சொன்னால் தூங்குவாள், எதற்குப் பயப்படுவாள், பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தார்கள், யார் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று கேளுங்கள். அனுமதி இருந்தால் புகைப்படமும் எடுங்கள். தத்தெடுப்பு ஏஜென்சி தரும் கோப்பில் இதில் பாதிகூட இருக்காது. கூட ஒருவரை அழைத்துப் போங்கள், நீங்கள் பிள்ளையோடு இருக்கும்போது அவர் எழுதிக்கொள்ளட்டும்.