அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்: நான் முதலில் எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

கேள்வி: எனக்கு 34 வயது. அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கிறார். பெரியம்மா சினைப்பைப் புற்றுநோயில் இறந்துவிட்டார். ‘சிஏ-125’ ரத்தப் பரிசோதனை அடங்கிய பெண்கள் பேக்கேஜ் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? 12 வயது மகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போட்டால் எங்கள் குடும்ப நோய் அவளுக்கு வராதா?

பதில்: பேக்கேஜை ஒதுக்கி வையுங்கள். தாய்வழியில் இளம் வயது மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் இருந்தால், நாங்கள் முதலில் சந்தேகிப்பது, இந்த இரண்டு புற்றுநோய்களின் ஆபத்தையும் பரம்பரையாகக் கடத்தும் பிஆர்சிஏ மரபணு மாற்றத்தை. அதற்கான ரத்தப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ள வேண்டியவர் உங்கள் அம்மா. அவரிடம் மாற்றம் இருந்தால், உங்களுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களிடம் எதைத் தேடுவது என்பதும் தெரிந்துவிடும். அம்மாவிடம் இருக்கும் அந்த மாற்றம் உங்களிடம் இல்லையென்றால் பெரிய பாரம் இறங்கும். அம்மாவை விட்டுவிட்டு உங்களை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால், அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

அம்மாவிடம் இதைக் கேட்கத் தயக்கமாக இருக்கும். ‘என்னால்தான் பிள்ளைக்கும் வந்துவிடுமோ’ என்று அவர் கலங்கலாம். பல வீடுகளில் பேச்சு இங்கேயே நின்றுவிடுகிறது. இது யாருடைய குற்றமும் இல்லை, மகளுக்கு அவரால் மட்டுமே தர முடிந்த தகவல் என்று எடுத்துச் சொல்லுங்கள். மரபணு ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள்.

அதுவரை மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) தள்ளிப்போட வேண்டாம். அம்மாவுக்கு நோய் வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பே இதைத் தொடங்கச் சொல்வோம். 42இல் 10 கழித்தால் 32, அதைத் தாண்டிவிட்டீர்கள். இந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. மரபணு மாற்றம் உறுதியானால் ஆண்டுதோறும் எம்ஆர்ஐயும் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டும் நம்பகமான பரிசோதனை இன்றுவரை இல்லை. ரத்தத்தில் உள்ள சிஏ-125 என்ற புரதத்தின் அளவு எண்டோமெட்ரியோசிஸிலும் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) கருப்பை நார்க்கட்டியிலும் ஏறும், ஏன், மாதவிடாய் நாட்களில்கூட ஏறும். ஆரம்பநிலைப் புற்றுநோயில் ஏறாமலும் போகும். பேக்கேஜ் வேண்டாம் என்றதற்கு இதுவே காரணம். மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு, குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றுவதுதான் உண்மையான பாதுகாப்பு. பிஆர்சிஏ மரபணுக்கள் இரண்டில் பிஆர்சிஏ1இல் மாற்றம் என்றால், 35 முதல் 40 வயதுக்குள். கேட்கவே கடினம்தான். ஆனால் முடிவு வருமுன்பே இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயம் போடுங்கள். அது தடுப்பது ஹெச்பிவி வைரஸால் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயை. மார்பகத்துக்கோ சினைப்பைக்கோ அது காவல் இல்லை. 12 வயதில் 6 மாத இடைவெளியில் 2 டோஸ் போதும், 15 வயதாகிவிட்டால் 3. உங்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹெச்பிவி பரிசோதனை தேவை. மரபணுப் பரிசோதனை மகளுக்கு இப்போது வேண்டாம். 18 வயதுக்குப் பிறகு அவளே முடிவெடுக்கட்டும்.

ஆலோசனைக்குப் போகும்போது அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். உறவில் யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அத்தைகளையும் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் விட்டுவிடாதீர்கள். இந்த மரபணு மாற்றம் அப்பா வழியிலும் வரும். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.