ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை!

கேள்வி: ஜவுளிக்கடையில் சேலை செக்ஷனில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது மணி வரை நிற்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருட்டிக்கொண்டு வருகிறது. உட்காருவதற்குச் சட்டமே வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் செக்ஷனிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: சட்டம் வந்தது உண்மைதான். 2018-இல் கேரளாவில் முதலில் வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் 'பெண்கூட்டு' என்று அமைப்பாகச் சேர்ந்து, கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடிய பிறகு கிடைத்தது அது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். ஆக, தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்காக மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு அதில் உட்காருகிறவரை முறைத்தால், அந்த ஸ்டூல் வெறும் பொம்மை.

எழுத்து வேலைக்கு வருமுன் நானும் நாலு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி செக்ஷனில் நின்றவன். ஆடித் தள்ளுபடி முடிந்து, தீபாவளி சீசன் தொடங்குவதற்குள் கால் இரண்டும் மரக்கட்டை ஆகிவிடும். கூட்டம் இருக்கும்போது நிற்பது பெரிதாகத் தெரியாது, துணியை எடுக்கவும் மடிக்கவும் நடந்துகொண்டே இருப்போம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஈ ஓட்டிக்கொண்டு சும்மா நிற்பதுதான் கொடுமை. இதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. காலுக்கு இறங்கிய ரத்தத்தைத் திரும்ப மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை, நடந்தால்தான் அது வேலை செய்யும். அசையாமல் நின்றால் ரத்தம் அங்கேயே தேங்கி, குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்னத் தடுப்புகள் தளர்ந்து, குழாய் புடைக்கிறது. நாம் அதை நரம்பு என்கிறோம், உண்மையில் அது ரத்தக்குழாய். டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பது இதைத்தான்.

உங்களிடம் இஎஸ்ஐ கார்டு, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு அட்டை, இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இருக்க வேண்டும். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும். 12,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 90 ரூபாய், அவர் பங்கு 390. வருடக்கணக்கில் பிடித்தம் போய்க்கொண்டிருக்கும், ஆனால் ஒரு நாள்கூட இஎஸ்ஐ மருந்தகத்தின் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள், நம் ஆட்களின் வழக்கம் அது. போய்க் காட்டுங்கள். டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்காவது பங்களிப்புக் கட்டப்பட்டிருக்கிற பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காலை இறுக்கிப் பிடிக்கிற அழுத்தக் காலுறை வேண்டுமா, எந்த அளவு என்பதை அவர் சொல்லட்டும், கடையில் கண்டதை வாங்கி மாட்டாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் லீவு நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஓடுங்கள்.

அப்புறம், உங்கள் நேரக் கணக்கு இடிக்கிறது. முதலில் சொன்ன அதே கடைகள் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் பத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் இரட்டைச் சம்பளம். நாலு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் இடைவேளை. சாப்பாட்டு நேரத்தைக் கழித்துப் பார்த்தாலும் உங்களுடையது பத்தரை மணி நேரம் வருகிறது! தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள், அடுத்த மாதமே உங்களைப் பாத்திரக் கடைக்கு மாற்றிவிடுவார்கள். செக்ஷனில் நாலைந்து பேராகச் சேர்ந்து மேனேஜரிடம் சொல்லுங்கள், மசியவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். உட்காரச் சொன்னால் சோம்பேறித்தனம் வந்துவிடும், வருகிற வாடிக்கையாளருக்கும் மரியாதை இல்லாத மாதிரி இருக்குமே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அண்ணாச்சி, உங்கள் அப்பா காலத்துக் கடையை நினைத்துப் பாருங்கள். தரையில் ஜமக்காளம் விரித்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, வந்தவரும் உட்கார்ந்து காட்டுகிறவரும் உட்கார்ந்துதானே சேலை வியாபாரம் நடந்தது? பட்டுச்சேலைக் கடைகளில் இன்றைக்கும் பாய் விரித்து உட்கார வைக்கிறார்கள். அதில் யாருடைய மரியாதை குறைந்தது? ஆள் உள்ளே வந்ததும் எழுந்து "வாங்க" என்று சொல்லப் பத்து நொடிகூட ஆகாது. மூன்று மணிக்குக் கால் கடுத்துப்போனவர் காட்டும் முகத்தைவிட அது வியாபாரத்துக்கு நல்லது. உட்கார்ந்தபடியே பார்வை எட்டுகிற உயரத்தில் ஏழு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள், பணம் ஒரு தடவைதான் போகும். முக்கியமாக, முதல் வாரம் நீங்களே "உட்காருப்பா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள், இத்தனை வருடப் பயம் லேசில் போகாது.

கேள்வி: எங்கள் கடையில் ஊழியர்களுக்குக் கழிப்பறை ஐந்தாவது மாடியில். போய் வந்தால் "இவ்வளவு நேரமா?" என்று கேட்பார்கள். அதனால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று இரண்டு தடவை வந்துவிட்டது. வருடம் ஒரு முறை இலவச மருத்துவ முகாம் மட்டும் தவறாமல் நடத்துகிறார்கள்.
– வாசகி, மதுரை

பதில்: முகாமில் சர்க்கரை பார்த்து, பிரஷர் பார்த்து, ஒரு ஆப்பிளும் கொடுத்துப் போட்டோ எடுத்திருப்பார்களே! தண்ணீர் குடிக்கவிடாமல் நோயை வரவழைத்துவிட்டு முகாம் போடுவது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை. தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கி வைத்தால் கிருமி தங்கிப் பெருகத்தான் செய்யும், திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகம் வரை ஏறும். நீங்கள் தண்ணீரைக் கூட்டுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள். கேட்டால் டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். அடுத்த முகாமில் கருத்துச் சொல்ல நோட்டு வைத்தால், கீழ்த் தளத்துக் கழிப்பறையை எங்களுக்கும் திறந்துவிடுங்கள் என்று பத்துப் பேரும் ஒரே வரியை எழுதிவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் உட்கார இடம் கேட்கிறீர்கள். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் என் மகன், நாள் முழுக்க உட்கார்ந்தே முதுகு போச்சு என்கிறான். அவனுக்கு என்ன சொல்வீர்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கடைக்காரப் பெண்ணுக்கும் உங்கள் பையனுக்கும் ஒரே வியாதிதான். ஒரே நிலையில் உடம்பைக் கட்டிப் போடுகிறார்கள், நிலைதான் வேறு. லேப்டாப்பை நாலு புத்தகத்தின் மேல் ஏற்றிக் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசட்டும். கால் மரத்துப்போனாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜூம்பா நடனப் பயிற்சிக்குப் போகட்டும், தப்பில்லை, ஆனால் முதலில் மதியச் சாப்பாட்டை கம்ப்யூட்டர் முன்னால் சாப்பிடுகிறானா என்று கேளுங்கள். ஆமாம் என்றுதான் சொல்வான்.