முக்தார் அஸ்ஸகஃபீ: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கே: முக்தார் யார்?

ப: தாயிஃபின் ஸகீஃப் குலத்தவர். நபியின் பேரர் ஹுஸைன் (ரலி) கர்பலாவில் கொல்லப்பட்டு ஐந்தாண்டு கழித்து, 685 அக்டோபரில், அவர்களின் இரத்தத்துக்குப் பழி கேட்டு இராக்கின் கூஃபா நகரைக் கைப்பற்றினார். 687 ஏப்ரலில் கொல்லப்பட்டார்.

கே: கர்பலாவுக்கு ஏன் போகவில்லை?

ப: சிறையில் இருந்தார். ஹுஸைன் அனுப்பிய தூதர் முஸ்லிம் இப்னு அகீல் கூஃபாவில் முதலில் தங்கியது இவர் வீட்டில்தான். கர்பலாவுக்குப் படை அனுப்பிய ஆளுநர் இப்னு ஸியாத் இவரைக் கோலால் அடித்துக் கண்ணைக் காயப்படுத்தி அடைத்தான். இவருடைய சகோதரியின் கணவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) பரிந்து பேசியதால் வெளியே வந்தார்.

கே: நல்லவரா, கெட்டவரா?

ப: இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

கே: சரி, என்ன செய்தார்?

ப: மவாலிகளுக்குப் பங்கு கொடுத்தார். இதுதான் விஷயமே. மவாலிகள் என்றால் இஸ்லாத்தைத் தழுவி அரபுக் குலங்களை அண்டி வாழ்ந்த அரபரல்லாதோர். கூஃபாவில் பெரும்பாலும் பாரசீகர். தொழுகையில் ஒரே வரிசை, வருவாய்ப் பங்கீட்டில் மட்டும் அவர்கள் இல்லை. முக்தார் அவர்களைக் குதிரையேற்றிப் படையில் சேர்த்தார், வருவாயிலும் பங்கு தந்தார். காவல்படைக்கே கைஸான் என்ற மவ்லா (மவாலிகளில் ஒருவர்) தலைவர். கூஃபாவின் பிரமுகர்கள் கொதித்தது இதற்குத்தான். 686இல் அவர்கள் கிளர்ந்து தோற்ற பிறகே கர்பலாக் கொலையாளிகள் வேட்டை முழுமூச்சில் நடந்தது. அதே ஆண்டு மோஸுலுக்கு அருகே காஸிர் ஆற்றங்கரையில் இப்ராஹீம் இப்னு அல்அஷ்தர் தலைமையில் இவர் படை இப்னு ஸியாதைக் கொன்றது.

கே: மவாலிகளைப் பகடைக்காயாகத்தானே வைத்திருந்தார்? பிரமுகர்களிடம் பேரம் பேசியது தெரியாதா?

ப: தெரியும். டமாஸ்கஸில் ஆண்ட உமய்யாக்களும், மக்காவில் கலீஃபாவெனப் போட்டியிட்ட இப்னு ஸுபைரும் இவருக்கு எதிரிகள். "மவாலிகளை உங்களிடமே விட்டுவிட்டால், உமய்யாக்களையும் இப்னு ஸுபைரையும் எதிர்த்து என்னோடு நிற்பீர்களா?" என்று கேட்டார். அவர்கள் உறுதி தரவில்லை.

கே: அப்போ நான் சொன்னது சரிதானே!

ப: பாதி சரி. பேரம் படிந்திருந்தால் கைவிட்டிருக்கலாம். ஆனால் பங்கு கொடுத்தது நடந்த செயல். அந்த உரிமையை ருசித்தவர்கள் கடைசிவரை நின்றார்கள். இப்னு ஸுபைரின் தம்பி முஸ்அபின் படை கூஃபாக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. முக்தார் சிலரோடு வெளியே வந்து சண்டையிட்டு மாண்டார். சரணடைந்த சுமார் 6,000 பேரையும் முஸ்அப் வெட்டச் சொன்னார். இப்னு உமர் பின்னர் முஸ்அபின் முகத்துக்கு நேரே கண்டித்தார்: உன் தகப்பனின் ஆடுகளாக இருந்தாலும் இத்தனையை அறுப்பது வரம்பு மீறல் என்று. கணவரைப் பழிக்க மறுத்ததற்காக முக்தாரின் மனைவி அம்ரா பின்த் நுஃமானையும் கொன்றார்கள். பகடைக்காய் என்ற சொல்லில் இவர்கள் யாரும் அடங்க மாட்டார்கள்.

கே: நபி என்று வாதிட்டாரா?

ப: எதிரிகள் அப்படிச் சொன்னார்கள். ஸகீஃபில் ஒரு பொய்யன் வருவான் என்ற ஹதீஸை ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையாளர்கள் இவரோடு பொருத்துகிறார்கள். ஹதீஸ் விளக்கத்துக்கு ஆலிமிடம் போங்கள். வரலாற்றுக்கு ஓர் எச்சரிக்கை: சொல்பவர் எந்தப் பக்கம் நின்றார் என்று முதலில் பாருங்கள். தோற்றுப்போன மவாலிகள் எழுதிவைத்தது நம் கையில் இல்லை.

கே: முக்தார் பற்றிய டிவி சீரியலில் வேறு மாதிரி காட்டினார்களே?

ப: சீரியலை விட்டு, வரலாற்றாசிரியர் தபரீயின் நூலில் ஹிஜ்ரி 66, 67ஆம் ஆண்டுகளைப் படியுங்கள்.

கே: கடைசியாக, நல்லவரா கெட்டவரா?

ப: மேலே பாருங்கள்.

கே: பின்னாளில் இராக் ஆளுநரான ஹஜ்ஜாஜும் ஸகீஃபா?

ப: ஆம், அதே குலம். மஸ்ஜித் சுவரில் முஸ்அப் அறைந்துவைத்த முக்தாரின் கையை இறக்கச் சொன்னது அவர்தான்.